‘கழிவே இல்லாத சாயப்பட்டறை’ என்று அச்சிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு செய்திக்கு ‘கழிவே இல்லாத சாயப்பட்டறை’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையை, அதாவது சுற்றுச்சூழலையும் மக்களையும் தன் தொழில் எப்படிப் பாதிக்கிறது என்று நிறுவனமே தரும் கணக்கை, சுருக்கி எழுதிய செய்தி அது. அந்த அறிக்கையை நானும் எடுத்துப் படித்தேன். ‘திரவக் கழிவு வெளியேற்றம் இல்லை’ என்பதே அதில் உள்ள வாசகம். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் பொருள் எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்பதை நொய்யல் ஆற்றங்கரையில் பிறந்தவன் என்ற முறையிலும், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இத்தகைய அறிக்கைகளுக்கு எண்கள் திரட்டித் தருபவன் என்ற முறையிலும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது. உப்பு தண்ணீரோடு தங்கிவிடுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும்போது நிறமும் கரிமச் சுமையும் குறையுமே தவிர, உப்பு குறைவதில்லை. அதனால்தான் அதற்குப் பின் ஆர்.ஓ. சவ்வுகள் வழியே நல்ல நீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை எவாபரேட்டரில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். பிரிந்த நீரும், மீட்டெடுத்த சோடியம் சல்பேட்டும் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. ஆனால் எதற்கும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும், சுத்திகரிப்பில் படியும் கசடும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகின்றன. சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும்போது சேரும் வேதிக் கசடை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆற்றுக்குப் போகாமல் நின்றுவிட்டது என்பது பெரிய சாதனைதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கழிவு இல்லாமல் போய்விடவில்லை, திரவமாக இருந்தது திடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நிலைத்தன்மை அறிக்கைகளுக்காக உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் ஜி.ஆர்.ஐ. தரநிலைகள் இதை மிகத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கின்றன. நீரும் கழிவுநீரும் 303 என்ற எண்ணுள்ள தரநிலையின் கீழ் வருகின்றன. கழிவு 306-இன் கீழ் வருகிறது. எரிசக்தி 302-இன் கீழ் வருகிறது. நேர்மையாக எழுதப்பட்ட ஓர் அறிக்கையில், முதலாவது அட்டவணையில் கழிவுநீர் வெளியேற்றம் சுழியம் என்று இருக்கும்போது இரண்டாவதில் டன் கணக்கில் கசடும் உப்பும் இருக்கும். மூன்றாவதில், எவாபரேட்டருக்கு நீராவி தருவதற்காக பாய்லரில் எரித்த விறகும் நிலக்கரியும் ஏறியிருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பட்டறையின் உண்மை நிலை புரியும். தங்கள் செய்தி முதல் அட்டவணையோடு நின்றுவிட்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. காங்கேயம் வட்டத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணற்றுப் பாசனம் செய்த குடும்பம் எங்களுடையது. 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, பாசனத்துக்கு ஆற்றுநீரைத் தேக்க வேண்டிய இடத்தில் சாயநீரைத் தேக்கியதையும், சுற்றியிருந்த கிணறுகள் கரித்துப்போனதையும், தென்னை ஓலை நுனி கருகியதையும் நான் கண்ணால் பார்த்தவன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாட்களில், அதே திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு சம்பளம் வருமா என்று காத்திருந்தவனும் நானே. அந்த இரண்டு துயரங்களுக்கும் நடுவில் பிறந்த ஏற்பாடுதான் திரவக் கழிவு வெளியேற்றமின்மை. அதன் பெயரை ஒரு சொல் குறைத்து அச்சிடும்போது, எஞ்சியிருக்கும் உப்பு மூட்டைகள் பற்றிய கேள்வியை நாம் வாசகரிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இனி, இந்தத் துறையின் மற்ற சில சொற்களைப் பற்றியும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் ஒரு செய்தியில் நேர்ந்த பிழையைவிட, எல்லாச் செய்திகளிலும் பழகிப்போன பிழைகளே எனக்கு அதிக வருத்தம் தருகின்றன.

முதலாவது, சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புச் செலவையும் நிலைத்தன்மை அறிக்கையையும் ஒன்றாகக் குழப்புவது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகரச் சொத்து மதிப்போ விற்றுமுதலோ நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அது ஈட்டிய பணத்தை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பதைப் பற்றியது. நிலைத்தன்மை அறிக்கையோ அந்தப் பணத்தை எப்படி ஈட்டினார்கள் என்பதைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்த ஒரு ஆலை, தன் சொந்தத் தொழிலாளருக்கு என்ன ஊதியம் தந்தது, எவ்வளவு நிலத்தடி நீரை உறிஞ்சியது என்பதற்கு அந்தக் கழிப்பறை விடையாகாது.

அறிக்கைகளுக்கான தரநிலைகள் பல இருப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். 1997-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கி இப்போது ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கும் ஜி.ஆர்.ஐ., ஒரு நிறுவனம் மக்கள் மீதும் சுற்றுச்சூழல் மீதும் பொருளாதாரத்தின் மீதும் உண்டாக்கும் விளைவுகளைக் கேட்கிறது. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட ஐ.எஸ்.எஸ்.பி. என்ற பன்னாட்டு நிலைத்தன்மைத் தரநிலைகள் வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்1, எஸ்2 ஆகிய தரநிலைகள், காலநிலை மாற்றம் போன்றவற்றால் அந்த நிறுவனத்தின் நிதிநிலை எப்படிப் பாதிக்கப்படும் என்று முதலீட்டாளருக்காகக் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இரண்டையும் கேட்கின்றன. நம் நாட்டில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஒன்பது பொறுப்புக் கொள்கைகளை அடியொற்றியது.

இந்த வேறுபாட்டின் மையத்தில் உள்ள ஒரு சொல்லைத் தங்கள் பக்கங்களில் வெறுமனே ‘முக்கியத்துவம்’ என்று மொழிபெயர்க்கிறீர்கள். ஆங்கிலத்தில் மெட்டீரியாலிட்டி என்பார்கள். எல்லாமே ஏதோ ஒரு வகையில் முக்கியம்தான் என்பதால் அந்த மொழிபெயர்ப்பு எதையும் சொல்வதில்லை. ‘அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை’ என்று நாம் அன்றாடம் பேசுகிறோமே, அந்தப் ‘பொருட்டு’ என்ற சொல் இங்கே அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். எது ஒரு பொருட்டு, யாருக்குப் பொருட்டு என்பதே கேள்வி. சென்னிமலைப் பக்கத்து விவசாயிக்கு நிலத்தடி நீரின் உப்பு பொருட்டு. மும்பையில் இருக்கும் முதலீட்டாளருக்கு, அந்த உப்பால் ஆலை மூடப்பட்டால் வரும் இழப்பு பொருட்டு. விவசாயியின் கேள்வியையும் முதலீட்டாளரின் கேள்வியையும் ஒருசேர ஏற்பதைத்தான் ஐரோப்பியர் ‘இரட்டைப் பொருட்டு’ என்கிறார்கள். ஓர் அறிக்கை எந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது என்று ஒரே ஒரு வரி சேர்த்தாலும், வாசகர் அதில் எதைத் தேடலாம், எதைத் தேடக்கூடாது என்று அறிந்துகொள்வார்.

அடுத்து, நான் மிகுந்த கவலையோடு எழுதுவது ‘குறைத்தது’ என்ற சொல்லைப் பற்றி. நீர்ப் பயன்பாட்டைக் குறைத்தது, மின் நுகர்வைக் குறைத்தது, கார்பன் உமிழ்வைக் குறைத்தது என்று வாரந்தோறும் படிக்கிறோம். மொத்த அளவு குறைந்ததா, எதையோ ஒன்றால் வகுத்து வந்த விகிதம் குறைந்ததா? எடுத்துக்காட்டாக, மாதம் 100 டன் துணிக்குச் சாயமேற்றும் ஒரு பட்டறை, கிலோவுக்கு 60 லிட்டர் நீர் எடுத்தால் மொத்தம் 60 லட்சம் லிட்டர். புதிய இயந்திரம் வாங்கி அதை 45 லிட்டராக்கி, உற்பத்தியையும் 150 டன்னாக உயர்த்தினால், விகிதம் 25 சதவீதம் குறைந்துவிடும். ஆனால் எடுக்கும் நீர் 67.5 லட்சம் லிட்டராக ஏறியிருக்கும். பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் செய்தது நல்ல முதலீடும்கூட. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு விகிதம் தெரியாது, மொத்தம்தான் தெரியும்.

வகுக்கும் எண் கிலோவாக இல்லாமல் ரூபாயாக இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. பி.ஆர்.எஸ்.ஆர். படிவம் விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு எரிசக்தி, எவ்வளவு நீர், எவ்வளவு உமிழ்வு என்று கேட்கிறது; பலவகைத் தொழில்களை ஒப்பிட அது உதவும் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் நூற்பாலைகள் நிறைந்த நம் பகுதியில் அந்த எண்ணை மிகுந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அது முந்தைய ஆண்டு விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நூல் விலையும் அதோடு ஏறியது. ஒரு நூற்புக் கதிரைக்கூட மாற்றாமல், ஒரு மோட்டாரைக்கூடப் புதுப்பிக்காமல், ரூபாய்க்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு அந்த ஆண்டில் தானாகவே இறங்கிவிடும். விலை சரிந்ததும், எந்தத் தவறும் செய்யாத ஆலை மின்சாரத்தை விரயம் செய்வதுபோல் தோன்றும். ஆகவே விகிதத்தை அச்சிடும்போது அது எதனால் வகுக்கப்பட்டது என்பதையும், அதன் பக்கத்திலேயே மொத்த அளவையும் அச்சிடுவதே நியாயம்.

கார்பன் கணக்கில் ‘வரம்பு 1, 2, 3’ என்று வரும் மூன்று சொற்களையும் விளக்கமில்லாமல் விட்டுவிடுவதால் வாசகர் தாண்டிப் போய்விடுகிறார். உலக வள நிறுவனமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் கூட்டமைப்பும் சேர்ந்து 2001-இல் முதன்முதலாக வெளியிட்ட பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறையிலிருந்து வந்தவை அவை. ஆலை வளாகத்துக்குள் நாமே எரிப்பது வரம்பு 1: ஜெனரேட்டரில் எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது வரம்பு 2: நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. நமக்கு முன்னும் பின்னும் பிறர் கையில் நடப்பது வரம்பு 3. அது பதினைந்து வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பாய்லரில் எரிக்கும் விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை இந்த மூன்றிலும் சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும் என்பது நெறிமுறை; அது தனியே காட்டப்படுவதாலேயே உமிழ்வு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அதேபோல, ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் சுழலும் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலை, வரம்பு 2-ஐ இரண்டு விதமாகக் காட்ட வேண்டும்: மின்தொகுப்பின் சராசரியின்படி ஒன்று, தன் ஒப்பந்தத்தின்படி ஒன்று. இரண்டில் சிறிய எண்ணை மட்டும் செய்தியாக்குவது வழக்கமாகிவிட்டது.

திருப்பூரை அறிந்தவர்களுக்கு இந்த எல்லைக் கோட்டின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு பனியன், நூலாகப் பல்லடம் பக்கத்தில் பிறந்து, ஓரிடத்தில் பின்னப்பட்டு, இன்னோரிடத்தில் சாயமேறி, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று பல கைகளைக் கடந்து பெட்டிக்குள் போகிறது. ஒரு நிறுவனம் தன் சாயப்பட்டறையை விற்றுவிட்டு அதே துணியை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால், அதன் வரம்பு 1 மறுநாளே சரிந்துவிடும்; வானத்துக்குப் போகும் புகையில் ஒரு துளியும் குறைந்திருக்காது. அந்த உமிழ்வு வரம்பு 3-க்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவே. கோவையின் பம்ப் தயாரிப்பிலோ இது இன்னும் வியப்பானது. 5 குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு 4 மணி நேரம் வீதம் ஆண்டில் 200 நாட்கள் ஓடினால், இழப்புகளைச் சேர்க்காமலே ஏறத்தாழ 3,000 யூனிட் ஆகிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. பம்பை வார்த்துக் கடைந்து பூட்டியதில் உண்டான உமிழ்வை அது வெகு விரைவில் தாண்டிவிடும். விற்ற பொருளின் பயன்பாடு என்ற அந்த வகை, வரம்பு 3-இல் பதினோராவது. பவுண்டரிக் கூரைமேல் சூரியத் தகடு போட்ட செய்தியைப் பெரிதாக வெளியிடும் நாம், பம்பின் மின்சிக்கனத்தை இரண்டு புள்ளி உயர்த்திய செய்தியை உள்பக்கத்தில்கூட வெளியிடுவதில்லை.

‘கார்பன் சமநிலை’, ‘நிகர சுழியம்’ ஆகிய இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதும் வழக்கத்தையும் கைவிட வேண்டுகிறேன். முன்னது, எஞ்சிய உமிழ்வுக்கு ஈடாக, பிறர் குறைத்த உமிழ்வுக்கான கார்பன் வரவுகளை (கார்பன் கிரெடிட்) வாங்கியும் அடையக்கூடியது. பின்னது, அறிவியல் அடிப்படையிலான இலக்குகள் முன்முயற்சி (எஸ்.பி.டி.ஐ.) என்ற பன்னாட்டு அமைப்பு 2021-இல் வகுத்த தரநிலையின்படி, உமிழ்வையே பெரும்பாலும் 90 சதவீதம் அளவுக்குக் குறைத்த பிறகு எஞ்சுவதை மட்டும் ஈடுசெய்வது. இப்படிப்பட்ட கூற்றுகளை ஆதாரமின்றி விளம்பரத்தில் சொல்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டுவிட்டது. செய்திக்கும் அந்த அளவுகோல் பொருந்த வேண்டும்.

சான்றிதழும் அறிக்கையும் வேறு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.ஓ. 14001 பெற்றிருப்பது, சுற்றுச்சூழலை நிர்வகிக்க ஒரு முறையான ஏற்பாடு இருக்கிறது என்பதற்குச் சான்று; எவ்வளவு மாசு குறைந்தது என்பதற்குச் சான்று அன்று. அதுபோலவே, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தணிக்கையாளர் கையெழுத்திட்டிருந்தால் எல்லாம் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று எழுதுகிறார்கள். ‘வரையறுக்கப்பட்ட உறுதி’ என்றால், நாங்கள் பார்த்த அளவில் தவறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். ‘நியாயமான உறுதி’ என்றால், கூடுதலாகச் சோதித்து, எண்கள் சரியென்று தம் கருத்தாகச் சொல்கிறார்கள் என்று பொருள். எந்த வகை, எந்த எண்களுக்கு என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, நம் ஊர்ச் சிறுதொழில் செய்வோர் சார்பாக ஒரு செய்தி. பெரிய நிறுவனங்களிடமிருந்தும் பையர்கள் எனப்படும் வெளிநாட்டுக் கொள்முதலாளர்களிடமிருந்தும் வரும் நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட படிவங்களால், நான்கு தறியும் பத்துப் பவர்டேபிள் தையல் மெஷினும் வைத்திருப்பவர்கள் திணறுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பையரின் படிவத்தில், சொந்தமாக பாய்லரே இல்லாத ஒரு தையல் யூனிட்டிடம் நீராவியின் அழுத்தத்தைக் கேட்டிருந்தார்கள்; பதில் எழுதாவிட்டால் ஆர்டர் நின்றுவிடுமோ என்று பயந்து, பக்கத்து யூனிட்டின் எண்ணை அதன் உரிமையாளர் எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பொய் எண் எந்த அறிக்கையில் எந்த மொத்தத்தில் கரைந்திருக்கிறதோ, யார் அறிவார்? செபியின் விதியோ, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்தனியே 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வகிப்பவரையே மதிப்புச் சங்கிலிப் பங்காளியாகக் கொள்கிறது; அந்த விவரங்களைத் தருவதையும் இப்போது விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஐரோப்பாவில்கூட 2024 டிசம்பரில் சிறு நிறுவனங்களுக்கென்று ஓர் எளிய தன்னார்வத் தரநிலை வெளியிடப்பட்டது. ‘விதி கேட்கிறது’ என்று சொல்லி அனுப்பப்படும் படிவத்தில் எவ்வளவு விதி, எவ்வளவு பையரின் விருப்பம் என்று கேட்கும் துணிவு நம்மவர்களுக்கு வர, தங்கள் வணிகப் பக்கம் உதவ முடியும்.

அதே செபி விதிகளில் சிறுதொழில் செய்வோருக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. அதை இதுவரை எந்தத் தமிழ் நாளிதழிலும் நான் படித்ததில்லை. 2023 ஜூலையில் செபி வரையறுத்த பி.ஆர்.எஸ்.ஆர். கோர் என்ற ஒன்பது கூறுகளில், பொருளும் சேவையும் வழங்கியவர்களுக்குப் பணம் தர நிறுவனம் சராசரியாக எத்தனை நாட்கள் எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணும், சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து நேரடியாக எவ்வளவு கொள்முதல் செய்தது என்ற விகிதமும் அடங்கியிருக்கின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மரக்கன்று நட்ட புகைப்படத்தோடு வரும் அதே அறிக்கையில், ஜாப் ஒர்க் கூலிக்காக நம் மக்கள் எத்தனை நாட்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்கான தடயமும் ஒரு வரியில் கிடக்கிறது.

எனவே தங்களிடம் என் கோரிக்கை இதுதான். நிலைத்தன்மை அறிக்கைகளைப் பற்றிய செய்திகளில், ஓர் எண்ணை அச்சிடும்போது அது எந்த ஆண்டுடன் ஒப்பிடப்பட்டது, எந்த எல்லைக்குள் அளக்கப்பட்டது, எதனால் வகுக்கப்பட்டது, யார் எந்த அளவுக்குச் சரிபார்த்தார்கள் என்ற விவரங்களையும் சேர்த்துத் தருமாறு தங்கள் செய்தியாளர்களிடம் கூறுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் பதிப்புகளிலாவது, ஆண்டறிக்கைகள் வெளியாகும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், இப்பகுதியின் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பணம் தர எடுத்துக்கொள்ளும் நாட்களையும், அவற்றின் மொத்த நீர்ப் பயன்பாட்டையும் ஓர் அட்டவணையாக வெளியிடுங்கள். ‘கழிவே இல்லாத சாயப்பட்டறை’ என்ற தலைப்புக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன். அதில் அந்த அறிக்கையின் கழிவு அட்டவணையில் உள்ள கசடு, கலப்பு உப்பு ஆகியவற்றின் டன் கணக்கையும் சேர்த்துவிட்டால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காங்கேயம்.